கடற்பஞ்சின் பெயர் அதன் முள்ளில் இருக்கிறது

மாரி காலத்தில் வாடைக்காற்று இரண்டு நாள் ஓங்கி அடித்து ஓய்ந்த பிறகு, பருத்தித்துறைப் பக்கம் கரையோரமாக நடந்து பாருங்கள். ஒதுங்கிக் கிடக்கும் சாதாழைக் குவியலுக்குள் வேறு சில பொருள்களும் அகப்படும். விரல் விரலாகக் கிளைத்த ஒரு மண்ணிறத் துண்டு. ஓட்டை ஓட்டையான ஒரு உருண்டை. கல்லில் ஒட்டியபடி வந்த செம்மஞ்சள் படலம். கையிலெடுத்து யாரிடமாவது காட்டினால் மூன்று பேர் மூன்று பெயர் சொல்வார்கள். ஒருவருக்கு அது காய்ந்த பாசி, இன்னொருவருக்கு முருகைக்கல்லின் குட்டி, மற்றவருக்குக் கடல் நுரை.

மூன்றும் பிழை. பாசி தாவர வகை. முருகைக்கல் வேறொரு விலங்குக் கூட்டத்தின் எலும்பு. கடல் நுரை என்று நாட்டு மருந்துக் கடையில் விற்பது கணவாயின் ஓடு. கையிலிருப்பதோ கடற்பஞ்சு. அதுவும் ஒரு விலங்குதான்.

கடற்பஞ்சு என்று தெரிந்தவர்கள்கூட அடுத்த படியில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். கைபேசியில் ஒரு படத்தை எடுத்து, நிறத்தையும் வடிவத்தையும் வைத்து உடனே இனத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். கடற்பஞ்சு அப்படி இலேசில் பிடிபடாது. வெளித்தோற்றம் எதுவரை கைகொடுக்கும், எங்கே கைவிடும், அதன் பிறகு எதைப் பார்க்கவேண்டும் என்பதை முதற்படியிலிருந்து சொல்லிப்பார்க்கிறேன்.

பஞ்சு என்ற பெயரால் வந்த குழப்பம்

குசினியில் கோப்பை கழுவும் பஞ்சு தொழிற்சாலையில் செய்த நுரைப் பொருள். குளிக்கும்போது முதுகு தேய்க்கும் பீர்க்கங்கூடு ஒரு காயின் நார். இரண்டும் கடலைக் கண்டதில்லை. ஆனால் பஞ்சு என்றவுடன் நம் மனதில் வருவது இவைதான். அதனால் கடலில் கிடப்பதும் உயிரில்லாத ஏதோ ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

உண்மையில் பெயர் போன திசை வேறு. மத்தியதரைக் கடலில் சில கடற்பஞ்சுகளை மூழ்கி எடுத்து, சதையை அழுகவிட்டுக் கழுவி, மிஞ்சும் மெல்லிய நார்க்கூட்டைக் குளிக்கப் பயன்படுத்தும் வழக்கம் மிகப் பழையது. செயற்கைப் பஞ்சு அதைப் பார்த்துச் செய்த நகல். குளிக்கும் அந்தக் கடற்பஞ்சும் முழு விலங்கல்ல, எலும்புக்கூடு மட்டுமே. கரையில் நாம் பொறுக்குவதும் பெரும்பாலும் அப்படித்தான்.

அதற்கு வாயில்லை, வயிறில்லை, நரம்பில்லை, இதயமில்லை. வளர்ந்தபின் இடம்விட்டு இடம் நகர்வதும் அரிது. பிறகெப்படி விலங்கு என்கிறோம்? அது தன் உணவைத் தானே தயாரிப்பதில்லை, பிடித்துத் தின்கிறது. அதைப் பிடிக்கும் விதத்தில்தான் அதன் முழு உடலமைப்பும் அடங்கியிருக்கிறது.

தண்ணீர் போகும் வழி

நம் தோட்டங்களில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய வாய்க்காலில் தண்ணீர் விறுவிறு என்று ஓடும். அதையே இருபது பாத்திகளுக்குப் பிரித்துவிட்டால் வேகம் தணிந்து மெல்லப் பரவும். தண்ணீரின் அளவு அதேதான். பரவும் இடம் அகன்றதால் வேகம் குறைந்தது.

கடற்பஞ்சின் உடலுக்குள்ளும் இதே கணக்கு. மேற்பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சிறு ஓட்டைகள் இருக்கும். இவற்றை நுண்துளைகள் என்போம். இந்தக் கூட்டத்துக்கே துளையுடலிகள் என்று பெயர் வந்தது இவற்றால்தான். நுண்துளைகள் வழியே நுழையும் கடல்நீர் கிளைக்கிளையான வாய்க்கால்களில் போய், ஆயிரக்கணக்கான குட்டி அறைகளுக்குள் பிரிகிறது. அங்கே, பாத்திக்குள் நிற்பதுபோல வேகம் தணிகிறது. அறைகளின் சுவரில் வரிசையாக நிற்பவை கழுத்துப்பட்டைக் கலங்கள். ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு சாட்டை. அதைச் சுற்றி மிக மெல்லிய விரல்களாலான ஒரு பட்டை. சாட்டை அடித்து நீரை இழுக்க, பட்டை பற்றீரியா அளவிலுள்ள துணுக்குகளை வடித்துப் பிடித்துக்கொள்கிறது. வடித்த நீர் மறுபடி ஒன்றுசேர்ந்து பெரிய ஓட்டை ஒன்றின் வழியே வேகமாக வெளியேறுகிறது. அந்தப் பெரிய ஓட்டையை வெளிவாய் என்று அழைப்போம்.

வேகமாக வெளியேறுவதில் ஒரு பயன் உண்டு. வடித்து முடிந்த நீர் தூரத்தில் போய் விழும். அதையே திரும்ப உறிஞ்சவேண்டிய நிலை வராது. ஒரு நாளில் தன் உடலின் கனஅளவைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு நீரை ஒரு கடற்பஞ்சால் வடிக்க முடியும்.

இதைக் கண்ணால் கண்டு உறுதிப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ரொபேட் கிராண்ட். 1825 அளவில் உயிருள்ள ஒரு சிறு கடற்பஞ்சைக் கடல்நீர் நிறைந்த கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தார். வெளிவாயிலிருந்து நீரும் துணுக்குகளும் இடைவிடாமல் பீறிட்டு வருவதைக் கண்டார். தாவரமா விலங்கா என்று அதுவரை இழுபட்ட விவாதம் அதன் பிறகு ஒரு பக்கம் சாய்ந்தது. மாணவனாக இருந்த சார்ள்ஸ் டார்வின் கடற்கரை உயிரிகளைத் தேடித் திரிந்தது இவருடன்தான்.

இன்னொரு சோதனையையும் சொல்லவேண்டும். 1907இல் ஹென்றி வில்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் உயிருள்ள ஒரு கடற்பஞ்சை மெல்லிய துணி வழியே பிழிந்து கலம் கலமாகப் பிரித்தார். பிரிந்த கலங்கள் ஊர்ந்து போய் ஒட்டிக்கொண்டு மறுபடி கடற்பஞ்சாகின. தேத்தண்ணி வடியில் வடித்ததைத் திரும்ப ஒரு விலங்காகக் காண்பதுபோலத்தான் இதுவும். ஆட்டுக்கு நாலு கால், மீனுக்கு இரண்டு கண் என்ற மாதிரியான கட்டாய உருவம் இதற்கில்லை என்பது இதிலிருந்து விளங்கும். அடையாளம் காண்பதில் வரும் சிக்கல் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

சரி, இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கடற்பஞ்சு நீரை வடித்துத் தின்னும் விலங்கு. நுண்துளைகளால் நீர் உள்ளே போகும், கழுத்துப்பட்டைக் கலங்கள் உணவைப் பிடிக்கும், வெளிவாயால் நீர் வெளியே வரும். உடலுக்கு நிலையான உருவம் கிடையாது.

கரையில் நின்றே பார்க்கக்கூடியவை

முதலில் கண்ணில் படுவது வடிவம். மணற்காட்டுச் சவுக்குத் தோப்பில் கடலைப் பார்த்து நிற்கும் மரங்கள் காற்றுக்கு வளைந்து ஒருபக்கம் சாய்ந்திருக்கும். உள்ளே நிற்பவை நிமிர்ந்து வளரும். இரண்டும் சவுக்குத்தான். கடற்பஞ்சும் அப்படியே: அலை மோதும் பாறையில் படலமாகப் படியும் ஒரே இனம், அமைதியான நீரில் விரல் விட்டுக் கிளைக்கலாம். ஆகவே படலம், உருண்டை, விரல், குழல், கிண்ணம், விசிறி என்று வடிவத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

நிறம் அதைவிடச் சறுக்கலானது. சில இனங்களின் நிறத்தில் அவற்றுக்குள் வாழும் நுண்ணுயிரிகளுக்கும் பங்குண்டு. அதனால் வெயில் படும் பக்கம் கடும் நிறமாகவும் நிழல் பக்கம் வெளிறியும் இருக்கும். வெட்டிப் பார்த்தால் உள்நிறம் வேறாக இருப்பதும் உண்டு. காய்ந்தால் ஊதா, பச்சை, சிவப்பு எல்லாம் போய் மண்ணிறமும் சாம்பலும்தான் மிஞ்சும். ஈரமாக இருக்கும்போதே நிறத்தை எழுதிவைக்கச் சொல்வது இதனால்தான்.

வெளிவாய்களைக் கவனிக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனக்கு நிறத்தைவிட இவற்றில்தான் நம்பிக்கை அதிகம். பிட்டுக்குழல்போல ஒவ்வொரு குழலின் நுனியிலும் ஒன்றாக இருக்கின்றனவா? ஒரு வரம்பின் மேல் வரிசையாக இருக்கின்றனவா? மேற்பரப்பெங்கும் சிதறியா? விளிம்பு மேலெழுந்து சிறு எரிமலை வாய்போல நிற்கிறதா, மட்டமாக இருக்கிறதா? எத்தனை மில்லிமீற்றர் அகலம்? தண்ணீருக்கு வெளியே எடுத்ததும் சில வெளிவாய்கள் சுருங்கி மறைந்துவிடும். முடிந்தால் தண்ணீருக்குள் இருக்கும்போதே படம் எடுங்கள்.

மேற்பரப்பு அடுத்தது. கத்தரிக்காய்த் தோல்போல வழுவழுப்பாக இருக்கலாம். பலாப்பழத் தோல்போலச் சிறு கூம்புகள் எழும்பி நிற்கலாம். மழித்து இரண்டு நாளான தாடிபோல முள் முள்ளாகத் தட்டுப்படலாம். கூம்புகள் எழும்பக் காரணம் உள்ளிருக்கும் நார்கள் தோலை மேலே தள்ளுவது. தாடிபோலத் தட்டுப்படுவது உள்முட்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால். வெளியில் தெரிவது உள்ளே இருப்பதன் சாடைதான்.

அழுத்திப் பார்ப்பதும் ஒரு கலை. சிலவற்றை அழுத்திவிட்டால் மெத்தைபோல மீண்டும் எழும்பும். சில பிட்டுப்போல உதிரும். சிலவற்றை எவ்வளவு இழுத்தாலும் செருப்பு ரப்பர்போலக் கிழியாது. சில கல்லைப்போல இறுகியிருக்கும். ஒருவகைக் கடற்பஞ்சை உள்ளிப்பூண்டு அழுகியது போன்ற நாற்றத்தைக் கொண்டே கண்டுபிடிக்கலாம்.

ஆனால் வெறுங்கையால் தொடவேண்டாம். சின்ன வயதில் காரைநகர்க் கடலில் ஒரு சிவப்புப் படலத்தை விரலால் சுரண்டிவிட்டு இரண்டு நாள் கைவீக்கத்தோடும் எரிச்சலோடும் இருந்தேன். கண்ணாடித் தூள்போன்ற முட்கள் தோலுக்குள் ஏறியிருந்தன. ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி எடுத்தபோதுதான் கொஞ்சம் அடங்கியது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உயிரோடு பாறையில் இருப்பதைப் பிடுங்கவும் வேண்டாம். காற்று ஒதுக்கித் தருவதே படிப்பதற்குப் போதும்.

மயங்கும் இடங்கள்

கடற்பஞ்சென்று நினைத்து வேறொன்றைக் கையிலெடுப்பது புதியவர்களுக்கு வழக்கம். பாறையிலும் பாலத் தூண்களிலும் ஒட்டி வளரும் கடற்குடுவை என்ற விலங்குக்கு உட்செல்ல ஒன்றும் வெளியேற ஒன்றுமாக இரண்டு வாய்கள் உண்டு. தொட்டால் சட்டென்று மூடிக்கொள்ளும். கடற்பஞ்சு அவ்வளவு வேகமாக அசையாது. மென்முருகையை உற்றுப் பார்த்தால் எட்டு விரல்கொண்ட குட்டிப் பூக்கள் தெரியும். முருகைக்கல்லில் கிண்ணம் கிண்ணமாக ஒழுங்கான பள்ளங்கள் இருக்கும், அழுத்தினால் அமுங்காது. பூவுமில்லை, ஒழுங்கான கிண்ணமுமில்லை, தொட்டதும் மூடவுமில்லை, பெரிய ஓட்டைகள் மட்டும் சில உண்டு என்றால் பெரும்பாலும் அது கடற்பஞ்சு.

வேலியும் கதியாலும்

வெளியே பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டோம். இனி உள்ளே.

நம் ஊர் வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். கதியால் நட்டு, கிடுகு வைத்து, கயிற்றால் கட்டுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா வேலியும் ஒன்றுபோலத்தான். கிட்டப் போனால் பூவரசங் கதியாலா கிளுவைக் கதியாலா, எத்தனை முழத்துக்கு ஒன்று நட்டது, கட்டு எப்படிப் போட்டது என்றெல்லாம் தெரியும். அடைத்தவர் கையைக்கூடத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

கடற்பஞ்சின் கதியால்தான் நுண்முள். உடலைத் தாங்கும் மிகச் சிறிய கனிய முள் என்று ஒருமுறை சொல்லிவைத்துக்கொள்வோம். அது சிலிக்காவால், அதாவது கண்ணாடியின் மூலப்பொருளால் ஆனதாக இருக்கலாம். அல்லது சிப்பி ஓட்டைப்போலக் கல்சியம் காபனேற்றால் ஆனதாக இருக்கலாம். இந்த முட்களைக் கட்டிவைக்கும் கயிறு ஸ்பொஞ்சின் என்ற புரத நார். குளிக்கும் கடற்பஞ்சில் கதியாலே இல்லை, முழுக்கக் கயிறுதான். அதனால்தான் அது உடம்பில் தேய்க்கும் அளவுக்கு மிருதுவாக இருக்கிறது.

முட்களின் வடிவங்கள் நிறைய. இரண்டு முனையும் கூரான ஊசி. ஒருமுனை கூராகவும் மறுமுனை மழுங்கியதுமான ஆணி. தலையில் குமிழ்வைத்த குண்டூசி. கவண்போல மூன்று கரம் விரித்தவை. நங்கூரம்போல நாலு கரமுள்ளவை. இவை உடலைத் தாங்கும் பெருமுட்கள். இவற்றோடு வில், கொக்கி, நட்சத்திரம் போன்ற மிகச் சின்ன முட்களும் சில இனங்களில் தூவிக் கிடக்கும். அலையும் வெளிச்சமும் வெளிவடிவத்தை மாற்றிவிடும். முள்ளின் அடிப்படை வடிவத்தை அவ்வளவு இலேசில் மாற்றமுடியாது. அதனால்தான் வகைப்படுத்துவோர் கண்ணால் பார்த்ததைக் குறித்துக்கொண்டு, முடிவை முள்ளிடம் கேட்கிறார்கள்.

முள்ளின் வடிவத்தோடு அது அடுக்கப்பட்டிருக்கும் விதமும் முக்கியம். ஒரே ஊசியை வலைக்கண்போலச் சதுரமாக அடுக்கலாம். நடுவிலிருந்து கதிர்போல விரிக்கலாம். ஒழுங்கில்லாமல் குவித்தும் வைக்கலாம். வேலி அடைக்கும் கைபோல இது இனத்துக்கு இனம், பேரினத்துக்குப் பேரினம் மாறும்.

சுருக்கமாக: வடிவம், நிறம், வெளிவாய், மேற்பரப்பு, தொடுகை ஆகியவை தேடும் வட்டத்தைக் குறுக்கும். நுண்முள் எதனால் ஆனது, என்ன வடிவம், எப்படி அடுக்கியிருக்கிறது என்ற மூன்றும்தான் தீர்ப்புச் சொல்லும்.

நாலு வகுப்புகள்

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட கடற்பஞ்சுகள் 9,000க்கு மேல். அவற்றை நாலு வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள்.

சுண்ணப் பஞ்சுகளின் முட்கள் கல்சியம் காபனேற்றாலானவை. பெரும்பாலும் சிறியவை, வெள்ளை அல்லது வெளிர் நிறத்தவை. பாறையிடுக்கின் நிழலில் தேடவேண்டும்.

கண்ணாடிப் பஞ்சுகளின் சிலிக்கா முட்களுக்கு அடிப்படையில் ஆறு கரம். பெரும்பாலும் ஆழ்கடல்வாசிகள். சிலவற்றின் கூடு, பனையோலையில் நுணுக்கமாகப் பின்னிய பெட்டியைப் பார்ப்பதுபோல இருக்கும். பாக்குநீரிணையின் பெரும்பகுதி பதினைந்து மீற்றர் ஆழம்கூட இல்லாதது. ஆகவே நம் கரையில் கண்ணாடிப் பஞ்சு கண்டேன் என்று யாராவது சொன்னால் நம்புமுன் முள்ளைக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது பொதுப்பஞ்சுகள். எல்லா இனங்களிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இந்த வகுப்பில்தான். சிலிக்கா முள், ஸ்பொஞ்சின் நார், அல்லது இரண்டும் இருக்கும். குளிக்கும் பஞ்சும் இதில் சேரும். நம் கரையில் ஒதுங்குவதில் பெரும்பங்கு இவைதான்.

நாலாவது வகுப்பு சிறியது. மெல்லிய படலமாகவோ சிறு மெத்தையாகவோ வளரும்; சிலவற்றில் முள்ளே இருக்காது. முன்பு பொதுப்பஞ்சுகளோடு சேர்த்திருந்தார்கள். மரபணு ஒப்பீடும் கல அமைப்பும் இவை தனிக்கிளை என்று காட்டியதால் 2012இல் முறைப்படி தனி வகுப்பாக்கினார்கள். இப்படி மரபணு வந்து பழைய பெட்டிகளை மாற்றுவது இன்றும் நடந்துகொண்டேயிருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்கும் சோதனை

ஒரு பயறளவு துண்டைச் சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, உடுப்பு வெளுக்கும் குளோரின் திரவத்தைச் சில துளி விடுங்கள். சதையும் நாரும் கரையும். அரைமணி நேரத்திலிருந்து சில மணி நேரம் வரை ஆகலாம். அடியில் வெண்மையாகத் தூள் படிந்தால் அதுதான் முள். மேலுள்ள திரவத்தை மெல்ல வடித்துவிட்டு, நல்ல தண்ணீர் விட்டு நாலைந்து முறை கழுவுங்கள். ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் விட்டு, பாடசாலை நுணுக்குக்காட்டியில் நூறு மடங்கில் பார்த்தாலே ஊசி ஊசியாகத் தெரியும். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

பிறகு, நன்றாகக் கழுவிய முள்ளின் மேல் ஒரு துளி வினாகிரி. குமிழி எழும்பிக் கரைந்தால் கல்சியம் காபனேற்று. அசையாமல் கிடந்தால் சிலிக்கா. கழுவுவதை மட்டும் அலட்சியமாகச் செய்யாதீர்கள். குளோரின் திரவமும் வினாகிரியும் கலந்தால் நச்சு வாயு வரும். காற்றோட்டமான இடத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள்.

ஒரு பொறியும் இதில் உண்டு. நம் கடற்கரை மணலில் சிப்பித்தூளும் முருகைத்தூளும் நிறைய. சில கடற்பஞ்சுகள் மணலையே தம் நாருக்குள் வாங்கி எலும்பாக வைத்துக்கொள்கின்றன. வினாகிரி விட்டதும் அந்த மணல் குமிழி எழுப்பும். நாம் சுண்ணப் பஞ்சு என்று ஏமாந்துபோவோம். குமிழி வந்தது எதிலிருந்து என்பதை நுணுக்குக்காட்டியில் பார்த்தே தீரவேண்டும். முள்ளுக்கு ஒழுங்கான வடிவம் உண்டு, மணலுக்குக் கிடையாது.

சங்கைத் துளைக்கும் பஞ்சு

குருநகரில் சங்கு குளிக்கும் ஒருவர் ஒருமுறை ஒரு சங்கைக் காட்டி, "தம்பி, இது பூச்சி அரிச்சது, விலை போகாது" என்றார். ஓடு முழுக்கக் குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள். உடைத்துப் பார்த்தபோது உள்ளே தேன்கூடுபோல அறைகள், அறைக்குள் மஞ்சள் சதை. அரித்தது பூச்சியல்ல, க்ளியோனா என்ற கடற்பஞ்சு. அதன் கலங்கள் ஓட்டை அமிலத்தால் அரித்து, நுண்ணிய சில்லுகளாகப் பெயர்த்து வெளியே தள்ளும். வெளியே தெரிவது மஞ்சள் புள்ளிகள் மட்டும். இதன் முள்ளைப் பார்த்தால் அப்படியே குண்டூசி. புழுவும் சிலவகை மட்டியும்கூட ஓட்டைத் துளைக்கும், ஆனால் அந்தத் துளைகளுக்குள் இந்தக் குண்டூசிகள் இருக்காது.

முத்துச்சிப்பிக்கும் இதே தொல்லை. மன்னார் வளைகுடாவின் முத்துப்படுகைகள் ஏன் பொய்க்கின்றன என்று ஆராய இலங்கை அரசு அழைத்த பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் இங்கே கடற்பஞ்சுகளையும் சேகரித்தார். அவற்றை ஆராய்ந்து ஆதர் டெண்டி 1905இல் அறிக்கை வெளியிட்டார். சிப்பியைத் துளைத்த க்ளியோனா ஒன்றுக்கு முத்துச்சிப்பியின் அப்போதைய அறிவியற்பெயரைத் தழுவியே பெயர் வைத்தார். நம் பக்கத்துக் கடற்பஞ்சுகளைப் பற்றிப் படிப்பவர்கள் இன்றும் அந்த அறிக்கையைத் தொடாமல் போகமுடியாது.

ஒரு துண்டை எடுத்துப் பார்ப்போம்

தொடக்கத்தில் சொன்ன விரல் வடிவ மண்ணிறத் துண்டுக்குத் திரும்புவோம். விரல் நுனிகளில் வெளிவாய். அழுத்தினால் அமுங்கி எழும்புகிறது, கிழிப்பது கடினம். நார் நிறைய இருக்கிறது என்று இதிலேயே ஊகிக்கலாம். குளோரினில் கரைத்தபின் மிஞ்சிய முள் கொஞ்சம்தான். எல்லாம் ஒரே வடிவம், இருமுனையும் கூரான மெல்லிய சிற்றூசி. வினாகிரிக்கு அசையவில்லை. ஆகவே சிலிக்கா, பொதுப்பஞ்சு.

இப்போது கரைக்காத ஒரு மெல்லிய சீவலைப் பார்க்கவேண்டும். நார்கள் வலைபோலக் கண் கண்ணாக ஓடுகின்றன, நாருக்குள் ஊசிகள் வரிசையாகக் கிடக்கின்றன. மேற்பரப்பில் பெரிய கண்ணுக்குள்ளே சின்னக் கண் வைத்துப் பின்னியதுபோல இரட்டை வலை. இந்த இரட்டை வலைதான் பிடி. இது கலிஸ்பொஞ்சியா என்ற பேரினம். நார் மிகக் குறைவாக இருந்து, ஊசிகளே வலையைத் தாங்கி, கையில் பிட்டாக உதிர்ந்திருந்தால் ஹலிக்ளோனா பக்கம் போயிருப்போம். வெளியே பார்க்க இரண்டும் விரல்தான்.

எந்த இனம்? நார் எவ்வளவு தடிப்பு, ஊசி எத்தனை மைக்ரோமீற்றர், உயிரோடு இருந்தபோது என்ன நிறம் என்றெல்லாம் கேள்விகள் வரும். காய்ந்து ஒதுங்கிய துண்டால் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லமுடியாது. நிபுணர்களும் இந்த இடத்தில் பேரினப் பெயரோடு நிறுத்திவிடுவது உண்டு. ஆகவே என் குப்பியின் சீட்டில் இப்படி எழுதி ஒட்டினேன்: கலிஸ்பொஞ்சியா, இனம் தீர்மானிக்கவில்லை. பருத்தித்துறைக் கரை, சாதாழைக்குள் கிடைத்தது. எடுத்தபோதே காய்ந்திருந்தது.